நெஞ்சில் கை வைக்கும் முன்

பிப்ரவரி 4

சின்னவளே,

உன் போனை நான் எடுக்காததற்கு சிக்னல் காரணமில்லை. எடுத்தால் வாய்க்கு வந்ததைப் பேசிவிடுவேன். பக்கத்து அறையில் இருக்கும் உன் அண்ணன் காதில் அது விழும், அவர் எழுந்து வரப் பார்ப்பார், இருமல் ஆரம்பித்துவிடும். காகிதத்தில் திட்டினால் சத்தம் வெளியே வராது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நீ வந்திருந்தபோது அவருக்குத் தலையணை அடுக்கிக் கொடுத்தாய், ஆக்ஸிஜன் மெஷினின் வடிகட்டியைக் கழுவி மாட்டினாய், கடையிலிருந்து அலுத்துப் போய் வந்த எனக்கு டீ போட்டுக் கொடுத்தாய். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் எல்லோரிடமும் என் நாத்தனார் தங்கம், பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று சொல்லிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தங்கம் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் நுரையீரல் டாக்டரம்மாவைத் தனியாகப் போய்ப் பார்த்த விஷயம் எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நேற்று பரிசோதனைக்குப் போயிருந்தோம். நான் மருந்து வாங்கக் கீழே போய்விட்டேன். திரும்பி வந்தால் டாக்டரம்மா அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உன் அண்ணன் சொன்னார்.

"சின்னவ கேக்கச் சொன்னாளாம். இதயம் நின்னு போச்சுன்னா என்ன செய்யணும்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அழுத்தச் சொன்னேன். வேற என்ன சொல்லுவேன்? ஊருக்கே நெஞ்சை அழுத்தக் கத்துக்குடுத்தவன் நான்."

"சரின்னாங்களா?"

"சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. அழுத்தினா என்ன ஆகும்னு விவரமா பேசலாம், அடுத்த தடவை வீட்ல இருக்கவங்களையும் கூட்டிட்டு வாங்கன்னாங்க."

சாப்பிட்ட பிறகு அலமாரி மேலிருந்து மாப்பிள்ளையை இறக்கச் சொன்னார். உனக்குத்தான் தெரியுமே, நீச்சல் குளத்தில் பாடம் எடுக்க அவர் வைத்திருந்த ரப்பர் பொம்மை. இடுப்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது. "மாப்பிள்ளை மயங்கிட்டார், யார் எழுப்பறீங்க?" என்றுதான் வகுப்பையே தொடங்குவார். பெண்ணுக்கு வரன் பார்ப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை என்று நான் கேலி செய்வேன். அதைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரியான ஆழத்துக்கு அழுத்தினால் டக்கென்று ஒரு சத்தம் வருமே, அதை இரண்டு மூன்று முறை வரவழைத்துப் பார்த்தார். அதற்கே மூச்சு வாங்கியது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நடமாடிக்கொண்டிருக்கிற மனுஷனிடம் போய் நீ செத்தால் என்ன செய்யட்டும் என்று கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது? அவர் உன் கூடப் பிறந்தவர்.

அண்ணி


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதியது எனக்கே பிடிக்கவில்லை, கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது முயற்சி.

உங்களுக்குத் தெரியாமல் டாக்டரைப் பார்த்தது தப்புதான். உங்களிடம் சொன்னால் விடமாட்டீர்கள் என்று நினைத்தேன். ஆனால் அண்ணனிடம் கேளுங்கள் என்று சொன்னது தப்பில்லை. நான் அவரிடம் கேளுங்கள் என்றேனே தவிர, வேண்டாம் என்று சொல்ல வையுங்கள் என்று சொல்லவில்லை.

அண்ணன் குளத்திலிருந்து எத்தனையோ பேரைத் தூக்கிப் போட்டு எழுப்பியிருக்கிறார். அவர்கள் யார்? தண்ணீர் குடித்த பிள்ளைகள், கால் இழுத்துக்கொண்ட வாலிபர்கள். நல்ல இதயம், நல்ல நுரையீரல். கொஞ்ச நேரம் நின்று போனது, அவ்வளவுதான். அண்ணன் உடம்பு அப்படியில்லை. நுரையீரல் வருஷக்கணக்காகத் தேய்ந்துவிட்டது, அதோடு மல்லுக்கட்டி இதயமும் ஓய்ந்துவிட்டது. அப்படிப்பட்டவர்களின் நெஞ்சை நான் அழுத்தியிருக்கிறேன் அண்ணி. விலா எலும்பு முறிவது கைக்குத் தெரியும். பெரும்பாலானவர்கள் திரும்பி வருவதில்லை. வருகிறவர்களிலும் பலர் தொண்டையில் குழாயோடு மெஷினில் கிடப்பார்கள். பேச முடியாது. குழாயைப் பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டி வைக்கவேண்டியும் வரும். சிலர் அதைத் தாண்டி வீட்டுக்கும் போகிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். அண்ணன் மாதிரி உடம்போடு போனவர்கள் ரொம்பக் குறைவு.

இதை யாரும் அண்ணனுக்குச் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாததா என்று எல்லோரும் விட்டுவிட்டோம். டாக்டர்கூட, "உங்க அண்ணன் இதையே சொல்லிக்குடுக்கறவர், அவர்கிட்ட நான் என்னத்தைச் சொல்றது" என்றுதான் முதலில் சொன்னார். அண்ணனும் தனக்குத் தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் கோபப்படுங்கள். அடுத்த தடவை டாக்டர் கூப்பிடும்போது மட்டும் கூடப் போய் உட்காருங்கள்.

கப்பலில் வேலைக்குப் போன உங்கள் பெண் போன் செய்தாளா? எப்போது இறங்குகிறாளாம்?

சின்னவள்


மார்ச் 2

சின்னவளே,

போன வாரம் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பயப்படாதே, வீட்டுக்கு வந்துவிட்டார். சளி கட்டிக்கொண்டு உதடெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. முகத்தில் காற்றை உள்ளே தள்ளும் அந்தக் கெட்டி மாஸ்க்கை மாட்டி வைத்திருந்தார்கள். உனக்குச் சொல்லவேண்டாம் என்று அவர்தான் சொன்னார்.

அதற்கு முந்தின நாள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் கடையிலிருந்து வந்தால் மாப்பிள்ளை கூடத்தில் தரையில் கிடக்கிறார். "வா, அழுத்து" என்கிறார் இவர். இத்தனை வருஷம் அதோடு ஒரே வீட்டில் இருந்தும் தூசி தட்டியதைத் தவிர நான் அதைத் தொட்டதில்லை. எனக்கு எதுக்கு இந்த வேலை என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்தேன். ஒரு கை மேல் இன்னொரு கை, முழங்கை வளையக்கூடாது, உடம்பு பாரத்தை இறக்கு. அழுத்தினேன். சத்தம் வரவில்லை. "இன்னும்" என்றார். அழுத்தினேன். "இன்னும்டி, இது போதாது." என் முழு பாரத்தையும் போட்டபோதுதான் டக்கென்றது. அது எவ்வளவு உள்ளே போகிறது என்று உனக்குத் தெரியும். எனக்கு அன்றுதான் தெரிந்தது. கையை எடுத்துவிட்டேன்.

"என் மேல இப்படி அழுத்துவியா?" என்று கேட்டார். அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியில் மாஸ்க்கைக் கழற்றிய மறுநாள், டாக்டரம்மாவை வரச் சொன்னார். நானும் உட்கார்ந்தேன். நீ சொன்னாய் என்பதற்காக இல்லை. அவர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார், எழ முடியவில்லை. டாக்டரம்மா டேப்லெட்டில் ஒரு சின்ன வீடியோ காட்டினார். ஒருவருக்கு நெஞ்சை அழுத்துகிறார்கள். பிறகு தொண்டையில் குழாய் வைத்துப் படுத்திருக்கும் ஒருவரைக் காட்டுகிறார்கள். அவர் கண் திறந்திருக்கிறது. பிறகு, அதெல்லாம் இல்லாமல் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு பாட்டியம்மா. பார்க்க முடியாமல் நான் பாதியில் தலையைக் குனிந்துகொண்டேன். உன் அண்ணன் கண்ணெடுக்காமல் பார்த்தார். இரண்டாம் தடவையும் போடச் சொன்னார்.

அப்புறம் கேள்வி மேல் கேள்வி. எலும்பு முறிந்தால் எனக்கு வலிக்குமா, குழாய் வைத்தால் எத்தனை நாள், எடுக்க முடியாவிட்டால் யார் முடிவு செய்வது. டாக்டரம்மா ஒன்றையும் மழுப்பவில்லை. தெரியாததற்குத் தெரியாது என்றே சொன்னார். அது எனக்குப் பிடித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் உன் அண்ணன் சொன்னார், "ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அழுத்துங்கன்னுதான் வகுப்புல சொல்லுவேன். வண்டி வந்து ஏத்திட்டுப் போனதும் பாடம் முடிஞ்சிடும். அதுக்கப்புறம் என்ன நடக்குதுன்னு நான் யாருக்கும் சொன்னதில்ல. எனக்கே தெரியாது, டாக்டர்."

நீ கேட்டது நடந்துவிட்டது. விவரமெல்லாம் தெரிந்துகொண்டார். இப்போது அவர் முடிவைக் கேள். அழுத்தட்டும் என்கிறார். எலும்பு முறிந்தாலும் சரி, குழாய் வைத்தாலும் சரி. கப்பல்காரி மே மாதம் இறங்குகிறாள், அவள் முகத்தைப் பார்க்கிற வரைக்கும் எதைச் செய்தாவது நிறுத்தி வையுங்கள் என்றார். ஒரு வாரத்துக்கு மேல் குழாயிலேயே கிடந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார்.

எனக்கு நிம்மதி. நீ என்ன நினைத்தாலும் சரி.

அண்ணி


மார்ச் 9

அண்ணி,

உங்களுக்கு நிம்மதியாக இருக்கலாம். எனக்கு இல்லை.

இதற்குப் பேர் முடிவா? முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பக்கத்தில் அழுத முகத்தோடு இருந்தால் அவர் வேறு என்ன சொல்வார்? பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றால் அவளை இப்போதே வரச் சொல்லலாம். வீடியோவில் முகம் பார்க்கலாம். அதற்காகத் தொண்டையில் குழாயா? நீங்கள் அந்த வீடியோவைப் பாதிதான் பார்த்தீர்கள். நான் அதைத் தினமும் முழுசாகப் பார்க்கிறவள். வாய் கழுவி, புரட்டிப் படுக்க வைத்து, கட்டிய கையைத் தடவிக் கொடுத்து, வீட்டுக்காரர்கள் வந்தால் "தூங்கறார்மா" என்று சொல்லி. அண்ணனை அப்படி ஒரு கட்டிலில் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

டாக்டருக்கு எழுதியிருக்கிறேன். மறுபடியும் பேசச் சொல்லி. இந்தத் தடவை நீங்கள் அறையில் இல்லாதபோது.

சின்னவள்


மார்ச் 20

சின்னவளே,

டாக்டரம்மா உன் கடிதத்தைப் பற்றி உன் அண்ணனிடம் சொல்லிவிட்டார். ஒளித்துவைக்க அவர் உன்னை மாதிரி இல்லை. நீ சொன்னபடியே என்னை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகவும் பேசினார். நான் நடையில் நின்றுகொண்டிருந்தேன், கழுவித் துடைத்த தரையைப் பார்த்துக்கொண்டு. உன் அண்ணன் சொன்னது மாறவில்லை.

வெளியே வந்து என்னிடம் சிரித்தார். சிரித்து எவ்வளவு நாளாயிற்று. "சின்னவளுக்கு எழுது, நான் சொல்றதை அப்படியே எழுது" என்றார். எழுதுகிறேன்.

"நீதான் கேக்கச் சொன்ன. கேட்டாங்க, சொன்னேன். பதில் பிடிக்கலைன்னு கேள்வியைத் திருப்பி வாங்கிக்கப் பாக்கறியே, இது என்னம்மா நியாயம்? குழாய் எனக்கும் பிடிக்கல. பயமா இருக்கு. பயந்துகிட்டேதான் சொல்றேன். அந்தப் புள்ள நடுக்கடல்ல என்ஜின் ரூம்ல எண்ணெயில நின்னுட்டிருக்கு. அப்பா போயிட்டார்னு அங்க அதுக்கு ஒரு செய்தி போகக்கூடாது. அதுக்கு என் விலா எலும்பு போனா போகட்டும்."

இது அவர் சொன்னது. இனி நான். என் கடையில் கண்ணுக்கு லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு இதில் தெளிவாக இருக்கிறதா, அதிலா என்று கேட்பேன். ஒருவர் இது என்றால் அதைத்தான் மாட்டிக் கொடுக்கிறேன். எனக்கு எது அழகாகத் தெரிகிறது என்று பார்ப்பதில்லை. நீ படித்தவள், உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அவரை நான் அழுது மாற்றிவிட்டேன் என்று எழுதினாயே, அது எனக்கு ரொம்ப வலித்தது. நான் அவர் முன்னால் அழுததே இல்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறவள் நான்.

அண்ணி


மார்ச் 27

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் சொன்னதை வேலை முடிந்ததும் உடை மாற்றும் அறையில் நின்றபடியே படித்தேன். என்னுடன் வேலை செய்கிறவள் என்ன ஆச்சு என்று கேட்டாள். எங்கள் அண்ணன் என்னைத் திட்டுகிறார் என்றேன். அவள் ஏன் இதற்குச் சிரிக்கிறாய் என்றாள். சிரித்தேனா அழுதேனா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் ஒவ்வொரு நோயாளியின் வீட்டாரிடமும், அவர் என்ன சொல்கிறாரோ அதுதான், உங்கள் விருப்பமோ எங்கள் விருப்பமோ இல்லை என்று சொல்கிறவள். என் வீட்டுக்கு வந்தபோது அது எனக்கு வாயில் மட்டும்தான் இருந்தது. உங்களை அப்படி எழுதியதற்கு என்னை மன்னித்துவிடுங்கள்.

இரண்டு விஷயம் மட்டும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லும்போதே, நெஞ்சை அழுத்தவேண்டும் என்பது அவர் விருப்பம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். நீங்கள் தடுமாறினால் அவர்கள் தயங்குவார்கள். இன்னொன்று, இது எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடிய முடிவு. அவர் வாயால் சொன்னால் போதும். நாளைக்கே மாற்றினாலும், மாற்றாமலே இருந்தாலும், அவரிடம் ஏன் என்று கேட்காதீர்கள். நானும் கேட்கமாட்டேன்.

சின்னவள்


மே 19

சின்னவளே,

அடக்கத்துக்கு வந்து இரண்டு நாள் இருந்தாய். என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். எதிரில் இருக்கும்போது சொல்ல முடியாதது சில இருக்கிறது, உனக்கு எழுதிப் பழகிவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

கப்பல்காரி சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்து இறங்கினாள். பெட்டியை வைத்ததும் முதல் வேலையாக ஆக்ஸிஜன் மெஷினைப் பிரித்துப் போட்டு அந்த கடகட சத்தத்தை நிறுத்தினாள். அப்பாவும் பெண்ணும் பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். அவருக்கு மூச்சு போதாதபோது இவள் பேசுவாள், அவர் தலையாட்டுவார். நான் கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டு இரண்டு பேருக்கும் நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டில் அத்தனை சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அப்புறம் மறுபடியும் ஆஸ்பத்திரி. இந்தத் தடவை மாஸ்க்கும் அவ்வளவாக உதவவில்லை. டாக்டரம்மா வந்தபோது அவரே ஆரம்பித்தார். "முன்னாடி சொன்னதை மாத்திக்கறேன். இனிமே அழுத்த வேணாம். குழாயும் வேணாம். மூச்சுத் திணறாம பாத்துக்குங்க." ஏன் என்று நான் கேட்கவில்லை. பெண் கேட்டாள்.

"நான் வந்ததாலதானே மாத்திட்டீங்க? வராமலே இருந்திருந்தா இன்னும் பிடிச்சிட்டு இருந்திருப்பீங்க இல்ல?"

"நீ வரணும்னுதான் பிடிச்சிட்டு இருந்தேன்மா. வந்துட்ட. இனி கை வலிக்குது."

அவள் வெளியே போய்விட்டாள். ரொம்ப நேரம் கழித்து வந்து, அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

இது வரைக்கும் உனக்கு அவளே சொல்லியிருப்பாள். இதற்கு மேல் நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அன்று மத்தியானம் அவளைச் சாப்பிட அனுப்பியிருந்தேன். மருந்தில் அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு மூச்சு விட்டார். அடுத்ததற்குக் காத்திருந்தேன். வரவில்லை. மணியை அழுத்தினேன். வேறு வார்டிலிருந்து அன்றுதான் மாறி வந்த ஒரு நர்ஸ் பெண் ஓடி வந்தாள், சின்ன வயசு. அவளுக்கு இவர் முடிவு தெரியாது. நாடி பார்த்தாள், ஆள் கூப்பிட்டாள், கட்டிலைத் தாழ்த்தினாள், கையை வைத்துவிட்டாள். ஒரு கை மேல் இன்னொரு கை, முழங்கை நேராக. உன் அண்ணன் சொல்லித்தருவாரே, அச்சாக அப்படியே.

அந்த ஒரு நொடி நான் பேசாமல் இருந்தேன். உன்னிடம் மறைக்கமாட்டேன். அழுத்தட்டும், நான் சொல்ல மறந்துவிட்டேன் என்று இருந்துவிடலாம், யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். "வேணாம்மா, கையை எடு. அவர் வேணாம்னு சொல்லியிருக்கார்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அதற்குள் மூத்த நர்ஸ் வந்து, ஆமாம், அவர் சொன்னது அதுதான் என்று சொன்னார். அந்தப் பெண் கையை எடுத்துவிட்டாள். நான் அவர் நெஞ்சில் என் கையை வைத்துக்கொண்டேன், அழுத்தாமல்.

உன்னைக் காய்ச்சி எடுத்தவள் நான். மனசு எப்படி வந்தது என்று கேட்டவள். கடைசியில் அதைச் சொன்னது என் வாய்தான். பாத்திரம் கழுவும்போதும் கடையில் ஃபிரேமுக்குத் திருகாணி முடுக்கும்போதும் அந்தக் குரல் எனக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு நாள் இருந்திருப்பாரோ? நீ தினமும் பார்க்கிறவள். என்னை மாதிரி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் அப்புறம் எப்படி இருக்கிறார்கள்? எனக்கு மழுப்பாமல் சொல்லு.

அண்ணி


மே 25

அன்புள்ள அண்ணிக்கு,

மழுப்பவில்லை.

இரண்டு நாள் இருந்திருக்க மாட்டார். அழுத்தியிருந்தாலும் அனேகமாகத் திரும்பியிருக்க மாட்டார். திரும்பியிருந்தால் அவர் வேண்டாம் என்று சொன்ன இடத்துக்குத்தான் போயிருப்பார். இது உங்களைத் தேற்றுவதற்காக எழுதுவதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்புறம் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். நடையில் நிற்பார்கள். தண்ணீர் கேட்பார்கள், கொடுத்தால் குடிக்கமாட்டார்கள். கிளம்பும்போது "சரியாத்தானே செஞ்சேன்?" என்று கேட்பார்கள். சரியாகத்தான் செய்தீர்கள் என்று நான் சொல்வேன். அடுத்த அறையில் வேலை இருக்கும், போய்விடுவேன். அதற்கு மேல் அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது அண்ணி. உங்கள் கடிதம் வரும்வரை நான் கேட்டுப் பார்த்ததும் இல்லை.

ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற எனக்கு ஒன்று தெரியும், அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது. அண்ணன் சொன்னதை அவருக்காக நீங்கள் இரண்டு தடவை சொன்னீர்கள். அன்றைக்கு அந்த அறையில் உங்களுக்குப் பதிலாக நான் இருந்திருந்தால், அந்தப் பெண்ணைத் தள்ளிவிட்டு நானே அழுத்தியிருப்பேன்.

சின்னவள்